மூன்றாம் நாள் தெரியும் காயம்: ஒப்பரேஷன் மேசையில் அழுத்தப் புண் வரக்கூடியவரை முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

ஒப்பரேஷன் முடிந்து வாட்டுக்குப் போன ஓர் அம்மாவின் மகள் மூன்றாம் நாள் காலை எங்கள் ஒப்பரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். முகத்தில் கோபமும் பயமும் பாதிப் பாதி. "மிஸ்ஸி, உள்ள எங்கம்மாவ ஏதும் சுட்டுருச்சா? இடுப்புக்குக் கீழ கத்தரிக்கா கலர்ல கறுத்துக் கெடக்கு" என்றாள். (எங்கள் பக்கம் நர்ஸைக் கூப்பிடுவது மிஸ்ஸி என்றுதான்.)

சுடவில்லை. ஆனால் அவள் கேட்டதில் தப்பும் இல்லை, ஏனென்றால் பார்ப்பதற்கு அது அப்படியே சூட்டுக்காயம் மாதிரிதான் இருக்கும், மின்சாரச் சூட்டால் சதையை வெட்டி இரத்தத்தை நிறுத்தும் டயதர்மி மெஷின் சுட்டுவிட்டது என்று டொக்டர்மாரே சில சமயம் நினைத்துவிடுவார்கள். அந்த அம்மா மேசையில் மல்லாக்கப் படுத்திருந்தது கிட்டத்தட்ட நாலு மணி நேரம். வெளியே அனுப்பும்போது நாங்கள் கொப்பியில் எழுதியது, தோலில் காயம் எதுவும் இல்லை என்று. யாரும் பொய் எழுதவில்லை, அந்த நேரத்தில் தோல் நன்றாகத்தான் இருந்தது. அன்று உள்ளே நின்றவர்களில் நானும் ஒருத்தி, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் காயத்துக்குப் பெயர் அழுத்தப் புண். ஊரில் படுக்கைப்புண் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு ஞாபகம் வருவது வாதம் வந்து மாதக்கணக்கில் லயத்துக் காம்பராவில் கிடக்கும் தாத்தாதான், காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி தன் காலில் நடந்து வந்து தியேட்டர் உடுப்பு மாற்றிக்கொண்டவர் அல்ல. புண் என்ற சொல்லே கொஞ்சம் தப்பு. தோல் உடையாமலே உள்ளே சதை செத்துப்போகலாம் என்பதால்தான் 2016இல் அமெரிக்காவில் இதற்கென இருக்கும் ஆலோசனைக் குழு அல்சர் என்ற பழைய பெயரை விட்டுவிட்டு இஞ்சரி, அதாவது காயம் என்று மாற்றியது.

சரி, நாலு மணி நேரத்தில் எப்படி வருகிறது? கொழுந்துக்கூடை தூக்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கூடைக் கயிறு தலையில் ஒரே இடத்தில் அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், கை தானாகப் போய்க் கயிற்றை ஒரு விரல் தள்ளி வைக்கும், பேச்சு நிற்காது, கொழுந்து எடுப்பதும் நிற்காது. தூக்கத்திலும் நாம் இதையேதான் செய்கிறோம், வலி லேசாகத் தட்டினால் புரண்டு படுக்கிறோம். மயக்க மருந்து கொடுத்தால் அந்த வலியும் இல்லை, தள்ளி வைக்கும் கையும் இல்லை. முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பாதியை மட்டும் மரக்கவைத்தாலும் இடுப்புக்கும் குதிகாலுக்கும் அதே கதிதான், ஆள் விழித்துக்கொண்டு நம்மோடு பேசிக்கொண்டிருப்பதால் நாம்தான் மறந்துபோகிறோம்.

எலும்புக்கும் மேசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சதையில் மயிர்த்துளைக் குழாய்கள் நசுங்கி இரத்தம் போவது நின்றுவிடும். 1930இல் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நகத்தடியில் அளந்து சொன்ன 32 மில்லிமீற்றர் பாதரச அழுத்தத்தை இன்றைக்கும் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதற்கு மேல் அழுத்தினால் குழாய் மூடும் என்று. அது சுகதேகியின் விரலில் எடுத்த கணக்கு. மேசையில் கிடப்பவருக்குப் பிரஷர் இறங்கியிருக்கும், உடம்பு குளிர்ந்திருக்கும், அதனால் அதைவிடக் குறைந்த அழுத்தமே போதும். கூடவே தோலைவிடத் தசைதான் இரத்தம் இல்லாமல் சீக்கிரம் சாகும். ஆனைக்கொய்யாவை லொறியில் அடுக்கி அனுப்பியவர்களுக்குத் தெரியும், தோல் பச்சையாகவே இருக்கும், இரண்டு நாள் கழித்து வெட்டினால் உள்ளே ஒரு பக்கம் கறுத்திருக்கும். இங்கேயும் அப்படித்தான். அழிவு உள்ளேயிருந்து மேலே வருவதால், மேசையில் உண்டான காயம் கண்ணுக்குத் தெரிய பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகிறது. அதற்குள் ஆள் வாட்டில், பழி வாட்டு நர்ஸ்மார் தலையில்.

இன்னொரு விசை இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இழுவை. மண்சரிவைப் பார்த்தவர்கள் நாம்: மேலே புல்லும் தேயிலைச் செடியும் வேரோடு பிடித்துக்கொண்டிருக்கும்போதே கீழே ஈரமான மண் நழுவத் தொடங்கியிருக்கும், வெளியே தெரிவது சுவரில் ஓடும் ஒரு வெடிப்பு மட்டும்தான். மேசையைத் தலைப்பக்கம் உயர்த்தியோ தாழ்த்தியோ சாய்க்கும்போது நோயாளியின் தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பும் தசையும் சரிவில் இறங்கும், நடுவில் உள்ள இரத்தக் குழாய்கள் இழுபட்டு முறுகும். ட்ரொலியிலிருந்து மேசைக்கு ஆளைத் தூக்காமல் இழுத்துப் போட்டாலும் இதுதான் நடக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். யாருக்கு வரும் என்று முதலிலேயே கணிக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். வாட்டில் நாம் பழகிய அளவுகோல் பிரேடன், 1987இல் வந்தது. உணர்வு, ஈரம், நடமாட்டம், புரளும் திறன், சாப்பாடு, உராய்வு என்று ஆறு விஷயங்களுக்குப் புள்ளி போட வேண்டும், கூட்டினால் 6இலிருந்து 23 வரைக்கும் வரும், புள்ளி குறையக் குறைய ஆபத்து அதிகம், பொதுவாக 18 அல்லது அதற்குக் கீழே போனால் கவனம் தேவை. வாட்டுக்கு அது நல்ல கருவிதான். தியேட்டருக்கு அது போதாது என்பது என் கட்சி. ஏன் என்று ஓர் ஆளை வைத்தே பார்ப்போம்.

கற்பனையாக ஓர் அம்மா. வயது 64, கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், உயரம் 150 சென்ரிமீற்றர், எடை 41 கிலோ, ஆகவே உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கு 18.2. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு இருக்கிறது, கட்டுப்பாட்டில் இல்லை. குடலில் ஒப்பரேஷன், மூன்றரை மணி நேரம் பிடிக்கும் என்று டொக்டர் சொல்கிறார். முதல் நாள் மாலை வாட்டில் பிரேடன் போடுகிறோம். உணர்வு 4, ஈரம் 4, நடமாட்டம் 4, தானாகப் புரள்கிறார் அதற்கும் 4, சாப்பாடு சுமார் என்பதால் 2, உராய்வு 3. மொத்தம் 21. ஆபத்து இல்லை என்று கொப்பியில் எழுதிவிட்டுப் போய்விடலாம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேசையில் அவருடைய உணர்வு என்ன, நடமாட்டம் என்ன, புரளும் திறன் என்ன? எல்லாமே அடிமட்டம். அங்கே படுக்கும் எல்லோருக்குமே அடிமட்டம்தான், இருபது வயதுப் பையனுக்கும். நாம் மாலையில் அளந்தது நேற்றைய ஆளை.

அதனால்தான் ஒப்பரேஷனுக்கென்றே தனியாகச் சில அளவுகோல்கள் வந்தன. எளிமையானது ஸ்கொட் ட்ரிகர்ஸ், நாலே நாலு கேள்வி. வயது 62 அல்லது அதற்கு மேலா? இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலீற்றருக்கு 3.5 கிராமுக்குக் கீழா, அல்லது பி.எம்.ஐ. 19க்குக் கீழா, 40க்கு மேலா? மயக்க மருந்து டொக்டர் போடும் ஏ.எஸ்.ஏ. வகுப்பு 3 அல்லது அதற்கு மேலா? ஒப்பரேஷன் மூன்று மணி நேரத்தைத் தாண்டுமா? இரண்டுக்கு ஆம் என்று வந்தாலே அதிக ஆபத்து. ஏ.எஸ்.ஏ. 3 என்றால் உடம்பைப் பாதிக்கிற பெரிய வருத்தம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம், கட்டுப்பாட்டில் இல்லாத சீனி அதில் அடங்கும். நம்முடைய அம்மாவுக்கு நாலுக்கு நாலும் ஆம். ஒரே ஆள், ஒரே மாலை, ஓர் அளவுகோலில் 21 வாங்கிப் பாஸ், இன்னொன்றில் மணி அடிக்கிறது. (அல்புமினை மட்டும் வைத்துச் சத்துக்குறைவைக் கணக்கிடுவது சரியில்லை என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், காய்ச்சல், வீக்கம் என்று எதற்கெல்லாமோ அது இறங்கும். பி.எம்.ஐ. எடுக்கத் தராசும் அளவு நாடாவும் போதும்.)

கொஞ்சம் விரிவாகப் பார்க்க விரும்பினால் மன்ரோ அளவுகோல். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இது ஒருமுறை போட்டு மூடிவைக்கிற தாள் இல்லை. மூன்று கட்டமாகப் புள்ளி போட்டு மேலே மேலே கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன் ஆறு விஷயம்: நடமாட்டம், எத்தனை மணி நேரமாக வெறும் வயிறு, பி.எம்.ஐ., அண்மையில் எடை குறைந்ததா, வயது, கூட இருக்கும் வருத்தங்கள். உள்ளே ஏழு: ஏ.எஸ்.ஏ. வகுப்பு, எந்த வகை மயக்கம், உடல் வெப்பம், பிரஷர் எவ்வளவு இறங்கியது, அடியில் ஈரம், மேசை மெத்தையும் மேசையின் அசைவும், படுக்கை நிலை. வெளியே வந்தபின் இரண்டு: மொத்தம் எவ்வளவு நேரம், எவ்வளவு இரத்தம் போனது. அதாவது இரண்டு மணி நேரம் என்று சொல்லித் தொடங்கிய ஒப்பரேஷன் ஐந்தாக நீண்டுபோனால் புள்ளியும் கூடவே ஏறும், ஏற வேண்டும். பிரேசிலில் உருவாக்கிய எல்போ என்று ஒன்றும் உண்டு, அது படுக்கை நிலையை மையமாக வைத்து 7இலிருந்து 35 வரை புள்ளி போடும், 20 வந்தால் அதிக ஆபத்து. எதைப் பயன்படுத்துவது என்று சண்டை பிடிக்க வேண்டியதில்லை. எதுவுமே இல்லாத இடத்தில் ஸ்கொட்டின் நாலு கேள்வியை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஒட்டிவைத்தாலே பெரிய விஷயம்.

எந்தத் தாளாக இருந்தாலும் அதில் விழும் பதில் சரியாக இருந்தால்தான் புள்ளி சரியாக இருக்கும், இதில்தான் மலையகத்துக்கென்று சில தந்திரம் வேண்டும். "சீனி இருக்கா?" என்று கேட்டால் "இல்ல மிஸ்ஸி" என்பார்கள், ஏனென்றால் குளிசை போட்டுக் குறைந்துவிட்டது, அவர்கள் கணக்கில் இப்போது இல்லை. "கிளினிக் கொப்பி இருக்காம்மா?" என்று கேளுங்கள், பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் சுற்றிய கொப்பி வெளியே வரும், எல்லாம் அதில் இருக்கும். "எடை குறைஞ்சிருச்சா?" என்பதற்கும் பதில் கிடைக்காது, முன்னால் எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும். "சட்டை தொளதொளன்னு ஆயிருச்சா? வளையல் கழண்டு விழுதா?" என்றால் மகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள். சாப்பாட்டுக்கு, நேற்றுக் காலையிலிருந்து இராத்திரி வரை என்ன சாப்பிட்டார் என்று வரிசையாகக் கேட்க வேண்டும். ரொட்டி, சம்பல், பிளேன்டி என்றே நாள் முழுக்கப் போயிருந்தால் அது புரதம் இல்லாத நாள்.

வெறும் வயிற்றுக் கணக்கும் அப்படித்தான். இரவு பன்னிரண்டிலிருந்து சாப்பிடக்கூடாது என்று நாம் சொல்லியிருப்போம், தோட்டத்திலிருந்து வருபவர் பயத்தில் மாலை ஆறு மணியோடு நிறுத்தியிருப்பார், பட்டியலில் கடைசி ஆளாகி மத்தியானம் இரண்டு மணிக்கு மேசை ஏறுவார். கூட்டிப் பாருங்கள், இருபது மணி நேரம். அதேபோல மேசையில் இருந்த நேரம் மட்டும் நேரம் இல்லை. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வளைவெல்லாம் சுற்றிக் கண்டிக்கு அம்புலன்ஸில் மாற்றப்பட்டவர் ஒடுக்கமான ஸ்ட்ரெச்சரில் அசையாமல் படுத்து வந்த நேரம், பிறகு தியேட்டர் நடையில் ட்ரொலியில் காத்திருந்த நேரம், எல்லாமே அதே பிட்டத்தின் மேல், அதே குதிகாலின் மேல்தான். உடைந்த தொடை எலும்போடு வருபவர்களுக்கு இது இன்னும் மோசம், வலிக்குப் பயந்து அவர்கள் புரளவே மாட்டார்கள்.

அப்புறம் தோலைப் பார்ப்பது. புத்தகத்தில் இருப்பது, சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடு, வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே நின்றால் முதல் நிலைக் காயம் என்று. அந்தப் புத்தகம் வெள்ளைத் தோலை நினைத்து எழுதியது. வெயிலில் மலையேறிய நம் ஆட்களின் தோலில் சிவப்பும் தெரியாது, வெளுப்பும் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், பக்கத்துத் தோலைவிடச் சூடா, குளிரா? விரலால் தொட்டால் கல் மாதிரி இறுக்கமா, மாவு மாதிரி தொளதொளப்பா? வலிக்கிறதா? சுற்றியுள்ள நிறத்தைவிட ஊதாவாகவோ கருப்பாகவோ இருக்கிறதா? நல்ல வெளிச்சத்தில், இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு. நுவரெலியா குளிரில் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு வருவார்கள், அதைக் கழற்றச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். பித்தவெடிப்பு, அட்டை கடித்த தழும்பு எல்லாம் இருக்கும், அதையும் குறித்து வைத்தால்தான் நாளைக்கு எது பழையது எது புதியது என்ற தகராறு வராது.

எங்கே பார்க்க வேண்டும் என்பது எப்படிப் படுக்க வைக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. மல்லாக்க என்றால் பிடரி, தோள்பட்டை எலும்பு, முழங்கை, வால் எலும்புக்கு மேல் பக்கம், குதிகால். குப்புற என்றால் நெற்றி, தாடை, மார்பு, இடுப்பெலும்பின் முன்முனை, முழங்கால், கால்விரல் நுனி. ஒருக்களித்து என்றால் கீழ்ப்பக்கக் காது, தோள், இடுப்பு மூட்டு, முழங்காலின் பக்கவாட்டு, கணுக்கால். குதிகாலைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை: அது சின்ன இடம், சதை இல்லை, ஒரு காலின் பாரம் முழுக்க அங்கே வந்து நிற்கும், எல்லோரும் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பச்சைத் துணிக்குக் கீழே அது யார் கண்ணிலும் படாது.

புள்ளி அதிகம் என்று தெரிந்துவிட்டது, இனி என்ன? எழுதி வைத்துவிட்டுப் போவதாக இருந்தால் எழுதாமலே இருக்கலாம். கெண்டைக்காலுக்குக் கீழே நீளமாகத் தலையணையோ ஃபோமோ வைத்துக் குதிகாலை முழுதாகத் தூக்கிவிட வேண்டும், முழங்காலை லேசாக மடித்து, அதன் பின்குழியில் அழுத்தம் விழாதபடி. மேசையில் நல்ல ஃபோம் அல்லது ஜெல் மெத்தை, அதன் மேல் ஒரே ஒரு விரிப்பு. குளிருகிறதே என்று அடியில் நாலு மடிப்புத் துணி போட்டால் மெத்தை இருந்தும் இல்லாத மாதிரி, போர்வை மேலேதான் வர வேண்டும். வால் எலும்பு மேல் ஒட்டுவதற்கென்றே சிலிக்கோன் ஃபோம் பிளாஸ்டர் இருக்கிறது, கிடைத்தால் அதிக ஆபத்துள்ளவருக்கு முதலிலேயே ஒட்டிவிடலாம். தோலைச் சுத்தம் செய்யும் அயடின் வழிந்து பிட்டத்தின் கீழே தேங்கினால் தோல் ஊறிப்போகும், துணி போட்டு மூடும் முன் துடைத்து எடுக்க வேண்டும். ஆளை நகர்த்த நாலு பேர், தூக்கி அல்லது வழுக்குப் பலகையில், ஒருபோதும் இழுத்து அல்ல. நீண்ட ஒப்பரேஷனில் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு இடையிடையே தலையைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம், அவ்வளவு சின்ன அசைவும் உதவும். உடம்பைச் சூடாக வைப்பதும் பிரஷரைப் பிடித்து வைப்பதும் மயக்க மருந்து டொக்டர் எப்படியும் செய்கிற வேலை, அது தோலுக்கும் வேலை என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும்.

செய்யக்கூடாதது மூன்று. வட்ட வளையத் தலையணை வேண்டாம், அது நடுவைக் காப்பாற்றிச் சுற்றிலும் நசுக்கும். கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்குக் கீழே வைப்பது, நாங்களும் ஒரு காலத்தில் செய்ததுதான், வேண்டாம். சிவந்த இடத்தைத் தைலம் போட்டுத் தேய்க்கவே வேண்டாம், உள்ளே நொந்த சதை இன்னும் கிழியும். ஆச்சிமார் இதில் கேட்கமாட்டார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 விஷயங்கள் உண்டு, தோல் அதில் தனியாக இல்லை. ஆனால் கடைசிக் கட்டத்தில், தேறி வரும்போது கவனிக்க வேண்டியது என்ன என்று ஒரு கேள்வி இருக்கிறது. நான் அதில் நுழைத்துவிடுவேன்: "மல்லாக்க நாலு மணி, பிரஷர் இரண்டு தடவை இறங்கினது, வால் எலும்புப் பக்கம் பாருங்க." வாட்டில் வாங்கும் மிஸ்ஸிக்கு இந்த ஒரு வரி போதும், நாலு மணி நேரம் முதுகில் கிடந்தவரைத் திரும்பவும் முதுகிலேயே கிடத்தாமல் ஒருக்களித்துப் போடுவார்.

உறவினர்களுக்கும் இதேதான். உள்ளே இருந்து வந்ததும் எத்தனை மணி நேரம் ஆனது, எப்படிப் படுக்க வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் உடம்பு துடைக்கும்போது அந்த இடங்களைத் திருப்பிப் பாருங்கள், குதிகாலையும் சேர்த்து. கத்தரிக்காய் நிறத்தில் ஏதாவது கண்டால், தொட்டால் கொழகொழப்பாக இருந்தால், அது காய்ந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே வாட்டு மிஸ்ஸியிடம் காட்டுங்கள். அந்த ஹட்டன் மகள் அப்படிக் கண்டு ஓடிவந்ததால்தான் அன்றைக்கே அவள் அம்மாவை முதுகிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் படுக்க வைத்தோம்.